தொகூர் நிலத்தின் விலை: போரும் அறமும் குறித்த மூன்று வினாக்கள்

பெங்களூரின் ஓசூர்ச் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியை நோக்கி நாள்தோறும் செல்வோர் பல்லாயிரவர். அச்சாலைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பேகூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏரியும், அதன் அருகே நாகேசுவரர் கோயிலும் உடைய பழைய ஊர் அது. அக்கோயில் வளாகத்தில் ஒரு கன்னடக் கல்வெட்டு நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் அக்கல்வெட்டு, கங்க அரசின் அதிகாரியான நாகத்தரன் என்பவனின் வீட்டைச் சார்ந்தோர் ‘பெங்களூருப் போரில்’ இறந்தனர் என்று சொல்கிறது. பெங்களூரு என்னும் பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. ஆக, அந்நகரின் பெயர் வரலாற்றில் முதன்முதலாக ஒலிப்பது ஒரு சாவுச் செய்தியில்.

பேகூரில் கிடைத்த மற்றொரு நடுகல் இன்று கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானைகளும் குதிரைகளும் வீரர்களும் நெருங்கிப் பொரும் காட்சி அதில் விரிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் செய்தி சுருக்கமானது. கங்க மன்னன் எறெயப்பரசன் ஆளும் காலத்தில், வீரமகேந்திரன் என்பவனோடு போரிடச் சென்ற அய்யபதேவனுக்குத் துணையாக நாகத்தரன் அனுப்பப்பட்டான். தும்பெபாடி என்னும் இடத்தில் படை நிலைகுலைந்தபோது அவன் யானைப் படையோடு மோதி இறந்தான். அதனைக் கேட்டு மகிழ்ந்த மன்னன் இருகன் என்பவனுக்கு நாகத்தரன் பட்டத்தைக் கட்டி, பெம்பூர் உள்ளிட்ட ஊர்களைக் ‘கல்நாடு’ ஆகக் கொடுத்தான். பெம்பூர் என்பது இன்றைய பேகூர்.

கொடுக்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் ‘தொவகூரு’ என்னும் பெயர் வருகிறது. இரண்டு உயிர்களுக்கு இடையில் நிற்கும் வகரமோ யகரமோ தேய்ந்து, முன்னிருந்த உயிர் நீள்வது திராவிட மொழிகளில் இயல்பான மாற்றம். தமிழில் ‘பெயர்’ பேச்சில் ‘பேர்’ ஆவது அதற்கு எளிய சான்று. அவ்வழியில் பார்த்தால் தொவகூரு தோகூர் ஆவதில் வியப்பில்லை. தொட்டதொகூர், சிக்கதொகூர் என்னும் ஊர்கள் இன்றும் அப்பகுதியில் இருக்கின்றன. 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வித்திட்ட 332 ஏக்கர் நிலம், கோணப்பன அக்ரகாரம், தொட்டதொகூர் ஆகிய ஊர்களில் அமைந்தது. இந்தப் பெயர் ஒப்புமையை ஏற்றால், இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிற்கும் நிலத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீரனின் உயிருக்கு விலையாக அளிக்கப்பட்ட நிலம்.

நடுகல் பலவற்றைச் சொல்கிறது. யார் அனுப்பினார், யாரை எதிர்த்து, எங்கே, எப்படி இறந்தான், ஈடாக எது கொடுக்கப்பட்டது என்பன எல்லாம் அதில் உண்டு. ஒன்றை மட்டும் அது சொல்வதில்லை. அப்போர் எதற்காக நடந்தது? அது நேர்மையான போரா? இக்கேள்வி கல் வெட்டியவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் பழைய உலகில் இக்கேள்வி எவருக்கும் தோன்றியதே இல்லையா என்பது கேட்கத் தக்கது.

போரின் அறம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று தனித்தனி வினாக்கள். போரில் யாரைத் தாக்கக் கூடாது? போரை எப்படி நடத்த வேண்டும்? போரை எதற்காகத் தொடங்கலாம்? பழந்தமிழர் அறப்போர் செய்தனர் என்று பெருமிதத்தோடு சொல்லப்படும்போது இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறாக இருக்கிறது.

கிரேக்கர் வகுத்த எல்லைகள்

ஒப்பீட்டிற்குக் கிரேக்கரை எடுத்துக்கொள்வது பயன் தரும். சிறு சிறு நகர அரசுகளாகப் பிரிந்து, ஒரே மொழியும் ஒரே தெய்வங்களும் உடையவர்களாக இருந்தும் ஓயாமல் தம்முள் போரிட்டவர்கள் அவர்கள். மூவேந்தரும் வேளிரும் பொருத தமிழகத்தின் நிலைக்கு அது நெருக்கமானது.

கிரேக்கரிடம் எழுதப்படாத சில மரபுகள் இருந்தன. தூதரைக் கொல்லலாகாது. கோயிலில் அடைக்கலம் புகுந்தவரைத் தொடலாகாது. போர் முடிந்ததும் தோற்றவர் தம் பிணங்களைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். டெல்பிக் கோயிலைச் சூழ்ந்த இனக்குழுக்களின் கூட்டமைப்பு எடுத்துக்கொண்ட சூளுறவு ஒன்றைச் சொற்பொழிவாளர் ஐஸ்கினீஸ் குறிப்பிடுகிறார்: கூட்டமைப்பில் உள்ள எந்த நகரையும் வேரோடு அழிப்பதில்லை, போரிலும் அமைதியிலும் அவர்களுக்கு ஓடும் நீரைத் தடுப்பதில்லை என்பது அதன் சாரம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் குடிநீரைப் போரின் எல்லைக்கு வெளியே வைக்க முயன்றவர்கள் உண்டு என்பது எண்ணத் தக்கது. அதே கூட்டமைப்பைப் பற்றி வேறொரு மரபும் வழங்குகிறது. கிர்ரா என்னும் நகரை முற்றுகையிட்டபோது, அந்நகருக்குச் செல்லும் நீரில் நச்சுவேரைக் கலந்து நகரத்தாரை வீழ்த்தினர் என்று பிற்கால நூலாசிரியர்கள் எழுதினர்.

மரபுகள் முறியும் இடங்களை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் தயங்காமல் பதிந்தார். கி.மு. 424இல் டீலியம் போருக்குப் பின், ஏதென்ஸ் படை தங்கள் கோயிலை அரணாக்கிக்கொண்டது என்று சொல்லி, பியோஷியர் அவர்களின் பிணங்களைத் தர மறுத்தனர். இரு தரப்பும் தெய்வ விதியைக் காட்டியே வாதிட்டன. கி.மு. 427இல் மிட்டிலீனி நகரின் ஆடவர் அனைவரையும் கொல்ல ஏதென்ஸ் மக்களவை தீர்மானித்தது. மறுநாள் மனம் மாறி, முதற் கப்பலைப் பிடிக்க இரண்டாம் கப்பலை அனுப்பியது. மறுநாள் அவையில் டையோடோடஸ் வாதிட்டது, கொலை அநீதி என்பதன் மேல் அன்று. அது ஏதென்சுக்கு ஆதாயம் தராது என்பதன் மேல். கி.மு. 416இல் மீலோஸ் தீவு சரணடைய மறுத்தபோது ஏதென்ஸ் தூதர், நீதி என்பது வலிமையில் நிகரானவரிடையே மட்டும் பேசப்படுவது என்றனர். தீவு வீழ்ந்தது. கையில் அகப்பட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

அடுத்த நூற்றாண்டில் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில் சில விதிகளை முன்வைத்தார். கிரேக்கர் கிரேக்கரை அடிமை கொள்ளலாகாது, வீடுகளைக் கொளுத்தலாகாது, நிலத்தைப் பாழாக்கலாகாது, பகை நகரின் மக்கள் அனைவரையும் பகைவராக எண்ணலாகாது என்பன அவை. கிரேக்கர் அல்லாதாரோடு போரிடும்போது, இப்போது கிரேக்கர் தமக்குள் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ளலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. அரிஸ்டாட்டில் போரின் நோக்கம் அமைதியே என்றார். இயல்பிலேயே ஆளப்படத் தக்கவர்கள் என்று அவர் கருதியோரை வேட்டையாடுதல் போலப் போரிட்டு அடிமை கொள்வது நியாயமே என்றும் எழுதினார். அறத்தின் எல்லை மொழியின் எல்லையோடு முடிந்துவிட்டது.

நெட்டிமையாரின் மூன்று பாடல்கள்

தமிழகத்தில் முதல் வினாவுக்கான விடையாக எல்லாரும் காட்டுவது புறநானூற்றின் ஒன்பதாம் பாடல். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. போர் தொடங்கும் முன் பகைநாட்டில் அறிவிப்புச் செய்து, ஆக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் நோயுற்றோரையும் தென்புலத்தார்க்குக் கடன் செய்யும் புதல்வரைப் பெறாதோரையும் பாதுகாப்பான இடம் சேரச் சொல்லும் முறை அதில் போற்றப்படுகிறது. பாடநூல்களும் மேடைகளும் இதனை இக்காலப் போர்விதிகளுக்கு முன்னோடியாகச் சொல்லும்.

பட்டியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். போரிடாத மக்கள் என்னும் கருத்தின்மேல் அது கட்டப்பட்டிருந்தால் உழவர் அதில் இருந்திருப்பர். முதியோரும் கைவினைஞரும் இருந்திருப்பர். அவர்கள் இல்லை. போரிடும் வயதில் உள்ள ஆடவன் ஒருவன், மகன் இல்லை என்னும் காரணத்தால் அதில் இடம் பெறுகிறான். ஆகவே பட்டியலின் அடிப்படை வேறு. யாருடைய சாவு பழியையும் பாவத்தையும் தருமோ, யாருடைய சாவால் முன்னோர்க்குச் செய்யும் சடங்கின் தொடர்ச்சி அறுமோ, அவர்களே விலக்கப்படுகின்றனர். கிரேக்கர் கோயிலையும் தூதரையும் பிணத்தையும் காத்ததும் இத்தகைய அச்சத்தால்தான். இரு நிலங்களிலும் போரின் முதல் வேலி சடங்கிலிருந்து எழுந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. எச்சரிக்கை கேட்டு வெளியேறிய நோயாளி ஒருவன் பிழைத்திருந்தால், அவனுக்கு அதன் தோற்றுவாய் பற்றிக் கவலை இருந்திருக்காது. ஆயினும் அதனை இருபதாம் நூற்றாண்டின் ஒப்பந்தங்களோடு சமப்படுத்துவது வரலாறு ஆகாது.

இதைவிட முக்கியமான செய்தி, அதே புலவர் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாம் பாடலில் இருக்கிறது. பகைவர் ஊரின் அகன்ற தெருக்களைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது பாழ்செய்தமை, விளைவயல்களில் குதிரைத் தேரை ஓட்டியமை, காவல் மிகுந்த நீர்நிலைகளில் யானைகளைப் படியவிட்டுக் கலக்கியமை ஆகியன அங்கே புகழப்படுகின்றன. கழுதை ஏர் என்பது வெறும் அழிவு அன்று. அந்நிலம் இனி மங்கலமற்றது என்று அறிவிக்கும் சடங்கு. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டும் பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை ஏரால் உழுததைக் குறிப்பிடுவதால், இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு. ஆக்களை வெளியேற்றிய மன்னனே வயலை அழிக்கிறான். நோயாளிக்கு இரங்கிய மன்னனே ஊரார் உண்ணும் நீரைக் கலக்குகிறான். ஒன்பதாம் பாடலை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பதினைந்தாம் பாடலை மறந்துவிடுவது வழக்கம்.

இவ்விரண்டுக்கும் இடையில் பன்னிரண்டாம் பாடல் இருக்கிறது. புலவரும் அவரே, மன்னனும் அவனே. பாணர்க்குப் பொற்றாமரையும் புலவர்க்கு யானையும் தேரும் தருகிறாய். அவற்றையெல்லாம் பிறர் துன்புற அவர் நாட்டைக் கவர்ந்தல்லவா தருகிறாய். இது அறத்தின்பாற்படுமா என்று புலவர் வினவுகிறார். உரைமரபு இதனைப் பழிப்பது போலப் புகழ்தல் என்று கொள்ளும். அது சரியே. பரிசில் பெறும் புலவர் கொடையையும் வீரத்தையும் ஒருசேரப் புகழும் உத்தி அது. ஆயினும் மொழியியல் நோக்கில் ஒரு செய்தி எஞ்சுகிறது. பழிப்பது போலப் புகழ வேண்டுமானால், அப்பழிப்புக் கேட்போருக்குப் பழிப்பாகப் புரிய வேண்டும். பிறர் மண்ணைக் கவர்வது அறமாகாது என்னும் எண்ணம் அவையில் இருந்தோர் மனத்தில் முன்பே இல்லையெனில் அவ்வினாவுக்குச் சுவையே இல்லை. ஆக, அந்த எண்ணம் இருந்தது. அதனை நேராகச் சொல்ல இடமில்லாத அவையில், நயமாகச் சொல்ல மொழி இடம் தந்தது.

எப்படிப் போரிடுவது

இரண்டாம் வினாவுக்குத் தமிழ் மரபு விரிவாக விடை சொன்னது. புறமுதுகிட்டவர்மேல் படை செலுத்தலாகாது. நிகரானவரோடு பொருதல் வேண்டும். மார்பில் படும் புண்ணே விழுப்புண். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் எய்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணாயிற்று. அதனை நாணி அச்சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெற்றி கரிகாலனுடையது. ஆனால் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, புறப்புண் நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். குயத்தி என்பது குயவர் குலப் பெண்ணைக் குறிக்கும். வென்றவன் முகத்துக்கு நேரே, அதே ஊர்ப் பெண் ஒருத்தி, புகழின் அளவுகோல் வெற்றி அன்று என்கிறாள். தோற்றவனின் பிணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று வழக்காடிய டீலியத்தை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

முற்றுகைப் போரில் இம்மரபு இன்னும் கூர்மையடைகிறது. கிள்ளிவளவன் கருவூரை வளைத்து, காவுமரங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவ்வோசை கேட்டும் வெளிவராமல் அரண்மனைக்குள் இருக்கும் ஒருவனோடு போரிடுவது நினக்கு நாணம் தரும் என்றார் ஆலத்தூர் கிழார். ஆவூரில் நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தான்; வெளியே நலங்கிள்ளியின் படை. கோவூர் கிழார் உள்ளே இருந்தவனை நோக்கிப் பேசினார். யானைகள் நீராட்டும் உணவும் இன்றிக் கதறுகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. பெண்டிர் கூந்தலில் பூவில்லை. வீடுகளில் நீரின்றி எழும் அழுகுரல் கேட்கிறது. அறவழி நிற்பாயானால் ஊர் நின்னது என்று சொல்லிக் கதவைத் திற. மறவழி நிற்பாயானால் போரிடுவதற்குத் திற. இரண்டும் இன்றி மதிலின் மூலையில் ஒடுங்கியிருப்பது நாணுத் தக்கது.

இங்கே ஒரு நுண்ணிய மாற்றம் நிகழ்கிறது. வாதம் மன்னனின் நாணத்தைப் பற்றியது. சான்றாகக் காட்டப்படுவதோ குழந்தையின் பசியும் வீட்டுக்குள் எழும் அழுகையும். ஒன்பதாம் பாடலின் பட்டியலில் இடம் பெறாத நகர மக்கள், கோவூர் கிழாரின் வாயில் முதன்முதலாக எண்ணப்படுகின்றனர். மீலோஸ் தீவின் முற்றுகையைத் தூசிடிடீஸ் எழுதியபோது தூதரின் வாதங்களை நிரல்பட எழுதினார். உள்ளே பசித்திருந்தோரைப் பற்றி ஏதும் எழுதவில்லை.

எதற்காகப் போரிடுவது

மூன்றாம் வினாவில்தான் மௌனம் அடர்கிறது. கிரேக்கச் சொற்பொழிவுகளில் போர் தொடங்குவோர் எப்போதும் தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று சொல்லிக்கொள்வர். பொய்யாகவேனும் அக்காரணம் தேவைப்பட்டது. தமிழ் இலக்கணம் அந்தப் பாசாங்கைக் கூட மேற்கொள்ளவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை அதன் நோக்கத்தால் வகுக்கிறது. வெட்சி ஆநிரை கவர்தல். வஞ்சி மண்ணின்மேல் கொண்ட தீராத ஆசையால் படையெடுத்தல். உழிஞை அரணை முற்றுதலும் கொள்ளுதலும். தும்பை வலிமையை நிலைநாட்டுவதையே பொருளாகக் கொண்டு பொருதல். இவ்வரிசையில், இழைக்கப்பட்ட தீங்குக்கு முறை கேட்கும் போர் என்று ஒரு திணை இல்லை. மண்ணாசை மண்ணாசை என்றே பெயர் பெறுகிறது.

ஆநிரை கவர்தலுக்குப் பிற்கால உரைமரபு ஓர் அற விளக்கம் தந்தது. மக்களுக்கு எச்சரிக்கை சொன்னால் விளங்கும், ஆக்களுக்கு விளங்காது. ஆதலின் போருக்கு முன் அவற்றைக் கொண்டுவந்து காப்பது அறம் என்பது அவ்விளக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது. அக்கல்லில் ஆக்களைக் காத்தல் பற்றிய பேச்சில்லை. ஆகோள் என்னும் சொல் மட்டும் இருக்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் பகுதிகளின் நடுகற்களும் பெரும்பாலும் தொறு கொள்ளுதலிலும் மீட்டலிலும் இறந்தோரைப் பற்றியனவே. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த காலம் அது. உரை நூல் அறத்தைக் கண்ட இடத்தில் கல் சொத்தைக் கண்டது.

பாண்டியன் நெடுஞ்செழியன் தலையாலங்கானப் போருக்கு முன் உரைத்த வஞ்சினம் காரணம் சொல்லும் அரிய சான்று. தன்னை இளையன் என்று இகழ்ந்தோரை வெல்லேனாயின், குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர் தன்னைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னைச் சேரட்டும் என்பது அது. காரணம் இகழ்ச்சி. தண்டனையாக அவன் தனக்கு விதித்துக்கொண்டவற்றில் முதலாவது குடிகளின் பழிச்சொல். போர் எதற்கு என்பதற்கு அவன் மக்களைக் கேட்கவில்லை. ஆயினும் மக்கள் சொல்லுக்கு அஞ்சினான்.

காரணத்தையே எதிர்த்து வாதிட்ட குரலும் உண்டு. அதுவும் கோவூர் கிழாருடையதே. உறையூரில் சோழர் இருவர் எதிரெதிர் நின்றபோது அவர் சொன்னது இது: பகைவன் பனம்பூ அணிந்தவன் அல்லன், வேம்பு அணிந்தவனும் அல்லன்; இருவர் கண்ணியும் ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. பிளேட்டோ கிரேக்கர் தமக்குள் பொருவதை உட்பூசல் என்று பிரித்தது போலவே இதுவும். பனையும் வேம்பும் அணிந்தோர், அதாவது சேரரும் பாண்டியரும், இவ்வாதத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

அந்த வேலியையும் தாண்டிய ஒரு தருணம் உண்டு. கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முனைந்தபோது, கோவூர் கிழார் இடைமறித்தார். யானையைக் கண்டு அழுகையை மறந்து வியப்போடு நோக்கும் குழந்தைகள் அவர்கள். புதிய மன்றத்தைக் கண்டு மருள்கிறார்கள் என்றார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்தார். அச்சிறுவர் பிழைத்தனர் என்பது மரபு. மிட்டிலீனியைக் காத்தது ஆதாயக் கணக்கு. இங்கே முன்வைக்கப்பட்டது மன்னனின் குலப்பெருமையும் குழந்தையின் முகமும்.

கந்தகாரில் ஒரு கல்

மூன்றாம் வினாவை ஓர் அரசனே தனக்கு எதிராகக் கேட்டுக்கொண்டது பழைய இந்தியாவில் ஒருமுறை நிகழ்ந்தது. முடிசூடி எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்ற அசோகன், தன் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் கணக்கைத் தானே வெளியிட்டான். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் இறந்தனர். அதோடு நிற்கவில்லை. உயிர் தப்பியவரும், தம் நண்பரும் உறவினரும் துன்புற்றதால் துன்புற்றனர் என்று எழுதினான். இறந்தவரை எண்ணும் கல்வெட்டுகள் பல. துயருற்றவரை எண்ணியவை மிகச் சில.

இக்கட்டளையின் தொடக்கப் பகுதி கிரேக்க மொழியிலும் வெட்டப்பட்டது. ஆப்கானித்தானின் கந்தகாரில் 1963இல் அக்கல் கிடைத்தது. மீலோஸ் உரையாடல் எழுதப்பட்டு இரு நூற்றாண்டுகள் ஆகாத நிலையில், வென்றவன் தன் வெற்றிக்கு வருந்தும் செய்தி கிரேக்கத்தில் வாசிக்கக் கிடைத்தது. அதே பதின்மூன்றாம் கட்டளையின் முழு வடிவம், அறத்தால் வெல்லும் வெற்றி சென்று சேர்ந்த நாடுகளாகக் கிரேக்க மன்னர் ஐவரின் ஆட்சிப் பகுதிகளையும் தெற்கே சோழ பாண்டியரையும் குறிக்கிறது. கிரேக்கரும் தமிழரும் போரின் அறம் பற்றிய ஒரே ஆவணத்தில் இடம்பெறும் நிகழ்வு இது.

அந்த ஆவணத்துக்கும் எல்லை உண்டு. காட்டுவாழ் மக்களுக்கு, தன் வருத்தத்தோடு தன் வலிமையையும் நினைவூட்டி, அடங்கி நடக்குமாறு எச்சரிக்கிறான் அசோகன். மேலும், கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்தப் பதின்மூன்றாம் கட்டளை இல்லை. அதன் இடத்தில் வேறு கட்டளைகள் வெட்டப்பட்டன. கந்தகாரில் கிரேக்கர் படிக்க முடிந்த வருத்தத்தைக் கலிங்க மக்கள் தம் மண்ணில் படிக்க வாய்க்கவில்லை.

நெய்த்தோர்

மீண்டும் பேகூருக்கு வரலாம். போரில் இறந்தவன் குடும்பத்துக்கு அளிக்கும் நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்னும். கன்னடத்தில் அதற்கு நெத்தரு கொடகெ என்று பெயர். நெத்தரு என்றால் குருதி. சங்கத் தமிழில் குருதிக்கு நெய்த்தோர் என்னும் சொல் வழங்கியது, தெலுங்கில் நெத்துரு. மூன்றும் ஒரே வேரின் கிளைகள். தமிழில் அச்சொல் வழக்கொழிந்தது; கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்றும் வாழ்கிறது. மொழிகள் பிரிந்த பின்னும் குருதிக்கான சொல்லையும், குருதிக்கு நிலம் தரும் வழக்கத்தையும் இவ்வட்டாரம் பொதுவாகக் காத்தது.

பேகூரை அடுத்த மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில், 1247ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தை வெப்பூரார் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. வெப்பூர் என்பது பேகூரே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் போரின் பெயராகக் கல்லில் ஏறிய ஊர், இங்கே ஏரியும் பாசனமும் உள்ள ஊராகத் தமிழில் வருகிறது. அரசுகள் மாறின, கல்லின் மொழி மாறியது, நிலம் அதுவே.

நாகத்தரன் செத்த போர் நேர்மையானதா என்பதை இனி எவரும் தீர்மானிக்க இயலாது. அவனை அனுப்பியவனின் பெயர் கல்லில் இருக்கிறது, அவன் எதிர்த்தவனின் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. பழைய உலகம் முதல் இரண்டு வினாக்களுக்குச் சட்டமும் சடங்கும் இலக்கணமும் வகுத்தது. மூன்றாம் வினாவைக் கேட்டவர் பரிசில் நாடி வந்த புலவரும், குயவர் குலத்துப் பெண்ணும், தன் வெற்றியைக் கண்டு நடுங்கிய ஓர் அரசனுமே. முன்னோரின் போர் அறத்தைப் போற்றுவோர் போற்ற வேண்டியது முதுகுடுமியின் முரசை விட, அவன் அவையில் நின்று அது அறமா என்று கேட்டவரின் நாவை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்று நிலத்தின் விலை சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. தொவகூருக்கு ஒருகாலத்தில் வேறொரு விலை இருந்தது. அவ்விலையைக் கொடுத்தவன் அருங்காட்சியகத்தின் கல்லில் இன்னும் யானைகளோடு பொருதுகொண்டிருக்கிறான்.